சீருடைக்குள் ஒரு பெயர்

சீருடை என்னும் சொல்லே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. பலரை ஒரு சீராக்குவதற்காக ஏற்பட்ட உடை அது. உழவர் வீட்டுப் பிள்ளையும் வணிகர் வீட்டுப் பிள்ளையும், நெட்டையரும் குட்டையரும், கற்றவரும் கல்லாதவரும் அதனை அணிந்து வரிசையில் நிற்கும்போது காண்பவர் கண்ணுக்கு ஆள் தெரியக்கூடாது. படை ஒன்றே தெரிய வேண்டும். அதனை அணிகின்ற நாளில் மனிதன் ஓர் எண்ணைப் பெறுகிறான். தன் பெயரில் பாதியை இழக்கிறான். அங்ஙனமிருக்க, பழஞ்சீருடை ஒன்றைத் தேடியெடுத்து, இதனை அணிந்தவன் யார், எந்தப் பிரிவில் ஊழியம் செய்தான், எந்தெந்தக் களங்களைக் கண்டான், வீடு திரும்பினானா என்றெல்லாம் ஆராய்ந்து எழுதி வைக்கும் ஒருவர், சீருடையின் நோக்கத்தையே தலைகீழாகத் திருப்பிவிடுகிறார் எனலாம். இழந்த பெயரை அவர் மீட்டுக் கொடுக்கிறார்.

இராணுவச் சீருடைகளைச் சேகரிப்போர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிற மேலைநாடுகளிலும் நிறைய உளர். அவர்களுள் ஒரு சாரார், உரியவர் இன்னார் என்று தெரியாத உடையை நாடுவதே இல்லை. 'பெயருள்ள சீருடை' ஒன்றே அவர்கள் தேட்டம். ஒரே ஆலையில் நெய்து, ஒரே அளவில் தைத்த இரண்டு மேலங்கிகள் ஒரே கடையில் தொங்கினாலும், பெயருள்ளது மற்றதைவிட மிகுந்த விலைக்குப் போகிறது. துணி ஒன்றாயிருக்க விலை ஏன் வேறாகிறது? இது வெறும் பொழுதுபோக்கா? போர் மோகத்தின் மறுவடிவமா? அன்றி, மெய்யாகவே வரலாற்றுக்குச் செய்யும் ஒரு தொண்டா? இவற்றைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நம் நோக்கம்.

இப்பழக்கத்தின் பழைய வேர்களுள் ஒன்றைத் தேடினால் சுவீடன் நாட்டுக்குச் செல்ல நேரும். 1627ஆம் ஆண்டு, போலந்துப் போரில் மன்னர் குஸ்தவஸ் அடால்பஸ் காயமுற்றார். அப்போது தாம் அணிந்திருந்த உடைகளை என்றென்றும் நினைவுப்பொருளாகக் காத்து வைக்க வேண்டும் என்று 1628இல் அவர் ஏற்பாடு செய்தார். ஸ்டாக்ஹோமிலுள்ள அரச ஆயுதசாலை அருங்காட்சியகம் தன் பிறப்பை அந்த ஏற்பாட்டிலிருந்தே கணக்கிடுகிறது. கழுத்தையொட்டித் தோளில் பாய்ந்த குண்டு வெளியே எடுக்கப்படாமல் உடலிலேயே தங்கிவிட்டது. ஆகவே இரும்புக் கவசத்தின் பாரம் அவருக்குத் தாங்கொணாத வேதனை தந்தது. அதன் பின்னர் எல்க் என்னும் பெரிய மானின் தடித்த தோலால் தைத்த மேலங்கியை அணிந்தே அவர் களம் புகுந்தார். 1632 நவம்பரில் லூட்சன் போரில் அந்த அங்கியோடுதான் மாண்டார். எதிரிப்படையினர் அதனை வெற்றிப்பொருளாக வியன்னாவுக்குக் கொண்டு சென்றனர். மூன்று நூற்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அங்கேயே அது இருந்தது. முதல் உலகப் போரின் முடிவில் ஆஸ்திரிய மக்கள் பெருந்துன்பத்தில் உழன்றபோது சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் உதவிக்கரம் நீட்டியது. அந்த உதவிக்கு நன்றியாக, 1920இல் ஆஸ்திரியா அந்த அங்கியைத் திருப்பியளித்தது.

ஓர் அங்கியின் வரலாற்றுக்குள் எத்தனை வரலாறுகள்! பழைய காயம் ஒன்று கவசத்தைக் கைவிடச் செய்தது. கவசமின்மை உயிருக்கு உலையாயிற்று. பகையின் சின்னமாகப் போன பொருள் நட்பின் சின்னமாகத் திரும்பி வந்தது. இவ்வளவையும் நமக்குச் சொல்வது அந்தத் தோல் தானா? இல்லை. தோலோடு சேர்ந்து, அறுபடாமல் வந்த செய்தியே சொல்கிறது. அச்செய்தி எங்கேனும் ஓரிடத்தில் அறுந்திருந்தால், அது துளைகளுள்ள பழைய தோல் என்பதற்குமேல் நாம் ஒன்றும் அறிந்திருக்கமாட்டோம்.

செய்தி அறுபடாமல் வருவது ஒன்று. வந்த செய்தி சரியானதா என்று பார்ப்பது மற்றொன்று. இதற்கு நெல்சனின் அங்கி நல்ல எடுத்துக்காட்டு. 1805 அக்டோபர் 21 அன்று டிரபால்கர் கடற்போரில் இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சன் சுடப்பட்டு மாண்டார். அன்று அவர் அணிந்திருந்த நீலநிற அங்கி லண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடது தோளில் குண்டு நுழைந்த துளையை இன்றும் காணலாம். அவருடைய அன்புக்குரிய எம்மா ஹாமில்டனிடம் போய்ச் சேர்ந்த அந்த அங்கி, அவர் கடனில் மூழ்கியபோது லண்டன் நகரசபையாளர் ஒருவரின் கைக்கு மாறியது. அவருடைய விதவையிடமிருந்து விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1845இல் 150 பவுனுக்கு வாங்கி நாட்டுக்கு அளித்தார். யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற வரிசை தெளிவாக இருக்கிறது, ஐயத்திற்கு இடமில்லை.

ஆனால், அந்த அங்கியின் இடக்கையிலும் வால்பகுதியிலும் உள்ள இரத்தக் கறையைக் காண்போர் யாவரும் அது நெல்சன் சிந்திய குருதி என்றே எண்ணி நெகிழ்வர். அறிஞர்கள் வேறு விதமாகக் கருதுகிறார்கள். நெல்சனுக்குச் சற்று முன்னர், அதே மேல்தளத்தில், பீரங்கிக் குண்டுக்கு இரையானவர் அவருடைய செயலாளர் ஜான் ஸ்காட். சுடப்பட்ட நெல்சன் விழுந்த இடம், ஸ்காட் மாண்ட இடமே. ஆகவே அந்தக் கறை ஸ்காட்டின் குருதியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிபு. பெருந்தலைவரின் உடையில் ஒட்டியிருப்பது, பலரும் பெயரறியாத எழுத்தர் ஒருவரின் உயிர்! உண்மையைத் துருவிப் பார்த்ததால் நெல்சனின் புகழ் குறையவில்லை. மறந்துபோன மற்றொரு மனிதர் நம் நினைவுக்கு வந்துவிட்டார். நல்ல சேகரிப்பின் இலக்கணத்தை இந்த ஓர் அங்கியிலேயே காணலாம்.

இனிக் குறைகளைப் பேசுவோம். முதற்குறை, புகழ் பெற்றோர் மீதுள்ள அளவிறந்த மோகம். 2023 நவம்பரில் பிரான்சின் போந்தேன்புளோ நகரில் நெப்போலியனின் தொப்பி ஒன்று ஏலத்திற்கு வந்தது. அது விலைபோனது ஏறத்தாழ 19 இலட்சம் யூரோவுக்கு. நெப்போலியன் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 120 தொப்பிகளை வைத்திருந்தார் என்றும் அவற்றுள் சிலவே எஞ்சியுள்ளன என்றும் கூறுவர். அது போகட்டும். அவரை நம்பி 1812இல் உருசியாவுக்குச் சென்றவர்களின் உடைகள் என்னவாயின? 2001இல் லிதுவேனியாவின் தலைநகர் வில்னியசில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது ஒரு பெரும் புதைகுழி வெளிப்பட்டது. பிற்காலக் கொடுமைகளுக்கு இரையானோர் போலும் என்றே முதலில் எண்ணினர். மக்கிய துணியிடையே கிடந்த பொத்தான்கள் உண்மையைச் சொல்லின. பொத்தான்களின் மேல் படைப்பிரிவின் எண் பொறிக்கப்பட்டிருந்தது. உருசியாவிலிருந்து பின்வாங்கி வந்து, குளிராலும் பசியாலும் நோயாலும் மடிந்த நெப்போலியனின் வீரர்களே அவர்கள், 3,000க்கும் மேற்பட்டோர். பொத்தான் எந்தப் படை என்று சொல்லிற்று. எந்த ஆள் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

தலைவனின் தொப்பிக்கு 19 இலட்சம். தொண்டனுக்கு ஒரு பொத்தான். இந்த ஏற்றத்தாழ்வைச் சேகரிப்பாளர்கள் உண்டாக்கவில்லை, உலகம் உண்டாக்கியது. ஆயினும், அதனை வளர்க்கவும் குறைக்கவும் அவர்களால் இயலும். தளபதிகளின் வரலாறு எப்படியும் எழுதப்பட்டுவிடும். அவர்களுடைய அங்கி அழிந்தாலும் நூல்கள் நூறு இருக்கும். சாதாரணச் சிப்பாய்க்கோ, சில வேளைகளில் அவன் அங்கி ஒன்றே நூல்.

இது மிகைக்கூற்றென்று தோன்றலாம். நடந்ததைக் கேளுங்கள். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகள் லண்டனில் ஒரு கிடங்கில் வைக்கப்பட்டிருந்தன. 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளால் அக்கிடங்கு தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழ 60 விழுக்காடு பதிவேடுகள் அழிந்தன. எஞ்சியவை தீயும் நீரும் பட்டவை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பணியாளர் ஆவண நிலையத்தில் 1973 ஜூலை 12 அன்று மூண்ட தீ இதனினும் கொடியது. 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரையான கோப்புகள் அதில் சாம்பலாயின. 1912 நவம்பர் முதல் 1959 இறுதி வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் பதிவேடுகளில் 80 விழுக்காடு அன்று போய்விட்டது. இரு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் நின்ற அமெரிக்கச் சிப்பாய்களுள் பெரும்பாலோர்க்கு அரசிடம் முழுக் கோப்பு இல்லாமற்போயிற்று.

இந்த நிலையில்தான் பெட்டியடியில் கிடக்கும் பழைய மேலங்கி பேசத் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையினர், சலவைக்குப் போகும் துணிகள் மாறிப்போகாமலிருக்க, ஒவ்வோர் உடையின் உட்புறத்திலும் குறியிட்டனர். குடும்பப்பெயரின் முதலெழுத்து, அதனையடுத்துப் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். அவ்வளவே. சட்டைப்பைக்குள் தைத்த சீட்டில், எந்த ஒப்பந்தத்தின்கீழ், எந்த ஆண்டில் தைத்தது என்றிருக்கும். தோளிலுள்ள சின்னம் எந்தப் படைப்பகுதி என்று காட்டும். கையிலுள்ள பட்டை பதவியைக் காட்டும். பிரிட்டிஷ் அதிகாரியின் உடையாயின், உட்பைக்குள் தையற்காரரின் சீட்டில் உரியவர் பெயரையும் தைத்த நாளையும் மையால் எழுதியிருப்பர். ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் பலருக்குப் பொருந்தக்கூடும். சின்னத்தையும் பட்டையையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்து, தப்பிப் பிழைத்த சேர்க்கைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, பலரைச் சிலராக்கி, சிலரை ஒருவராக்குகிறார்கள். மாதக்கணக்கில் இதற்காக உழைப்பவர்கள் உண்டு. வண்ணான் குறியிலிருந்து ஒரு மனிதனை மீட்டெடுக்கும் இவ்வுழைப்பை விளையாட்டு என்று எவ்வாறு இகழ்வது?

இவ்வளவு அரிய சான்று என்பதனாலேயே, அதனைக் குலைப்பது பெருங்குற்றமாகிறது. இரண்டாம் குறை இதுதான். ஒரு சிப்பாய் இறந்தபின் அவன் பெட்டி ஏலத்திற்கு வருவதாகக் கொள்வோம். மேலங்கி, தொப்பி, பதக்கங்கள், சம்பளப் புத்தகம், தாய்க்கு எழுதிய கடிதங்கள், ஒரு புகைப்படம். எல்லாம் சேர்ந்திருக்கும்போது அது ஒரு வாழ்க்கை. வாங்கிய வணிகர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். தனித்தனியே விற்றால் இலாபம் கூடும். பதக்கம் ஓர் ஊருக்குப் போகிறது. அங்கி கடல்கடந்து செல்கிறது. கடிதங்களை அஞ்சல்தலைக்காக ஒருவர் வாங்குகிறார். மறுநாள் அந்த வாழ்க்கை இல்லை. பொருள்கள் யாவும் பத்திரமாக இருக்கின்றன. மனிதன் மட்டும் காணாமற்போய்விட்டான். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுள் நேர்மையுள்ளோர் இவ்வாறு பிரித்து விற்பதைக் கடுமையாக வெறுப்பதன் காரணம் இதுவே. அந்த வெறுப்பு நியாயமானது.

மூன்றாம் குறை, பொய். பெயருக்கு விலை உண்டென்று கண்ட மறுகணமே பெயரை உண்டாக்குவோரும் தோன்றிவிட்டனர். வெற்று அங்கியில் பழைய மையால் பெயரெழுதுகிறார்கள். உண்மையான பதக்கத்தோடு தொடர்பற்ற சட்டையைச் சேர்த்து, இது அவனுடையதென்று கதை கட்டுகிறார்கள். இதனைக் கண்டறியவும் வழிகள் உள. நெடுங்காலம் தைத்திருந்த சின்னத்தைச் சற்றே தூக்கினால், அடியிலுள்ள துணி வெளிறாமல் இருக்க வேண்டும்; சுற்றிலும் வெளிறியிருக்க வேண்டும். புற ஊதா விளக்கின்கீழ்ப் பிற்காலத்துச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரக்கூடும். ஆனால், இக்காலத்துச் சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் அவ்வாறே ஒளிரும். ஆதலின் விளக்கு ஒன்றையே நம்பித் தீர்ப்பளிப்போரும் ஏமாறுவர். துணி, நூல், காகிதம், கைமாறிய வரிசை ஆகிய நான்கும் ஒருவாய்ப்படச் சொன்னாலன்றி ஏற்கலாகாது. இல்லாத பெயரை ஏற்றுவது, இருந்த பெயரை அழிப்பதைவிடக் கொடிது. அழிந்த இடம் வெற்றிடமாயிருக்கும், பொய்யோ மெய் வந்து அமர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கொலைத்தொழிலுக்கு அணிந்த உடையைப் போற்றிக் காப்பது போரைப் போற்றுவதாகாதா என்று கேட்பவர்களும் உளர். அவர்கள் கேள்வியை நாம் மதிக்கிறோம். பளபளக்கும் பொத்தான்களுக்காகவும் மிடுக்குக்காகவும் வாங்கி மாட்டி வைப்பவர்களைக் குறித்து அக்கேள்வி முற்றிலும் பொருந்தும். பெயரற்ற சீருடை போரின் அலங்காரத்தைத்தான் காட்டும். பெயரும் வரலாறும் தெரிந்துவிட்டால் அந்த மயக்கம் நிலைப்பதில்லை. இவனுக்கு வயது பத்தொன்பது, இவன் தச்சன் மகன், மூன்று மாதமே களத்தில் இருந்தான், இந்தத் தையல் மருத்துவமனையில் போட்டது என்று தெரிந்தபின் அந்த உடையை எவரும் அழகு என்று பார்க்கமாட்டார்கள். போரின் விலை என்னவென்று அறிய இதனினும் நேரிய வழி வேறில்லை.

இதுகாறும் அயல்நாட்டவரைப் பற்றியே பேசினோம். அவர்கள் போர்களில் நம் நாட்டவரும் நின்றார்கள். முதல் உலகப் போரில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல்கடந்து சென்றனர். 70,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் முஸ்லிம்கள் ஏராளம். பிரான்சில் நூவ்-சப்பேல் என்னுமிடத்திலுள்ள நினைவகத்தில், கல்லறையற்ற 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஈராக்கின் பஸ்ரா நினைவகத்திலோ, மாண்ட இந்தியருள் அதிகாரிகளின் பெயர்களை மட்டும் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்குப் பெயரில்லை, தொகை மட்டுமே உண்டு. இத்தகைய பாகுபாட்டை ஆராய்ந்து, நினைவகங்களுக்குப் பொறுப்பான போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாமலோ முற்றிலும் விடுபட்டோ போயிருக்கக்கூடும் என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது.

ஆனால், ஒரு விந்தை. அதே அரசு அப்போருக்காக வழங்கிய வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில், பெற்றவரின் எண்ணையும் பெயரையும் படைப்பிரிவையும் பொறித்துக் கொடுத்தது. இந்தியச் சிப்பாய்க்கும் அவ்வாறே பொறித்தது. கல்லில் இடம்பெறாத பெயர் காசளவு வெள்ளியில் இடம்பெற்றது! அந்த வெள்ளியும் எத்தனை இல்லங்களில் நின்றிருக்கும்? 1980ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை திடீரென உயர்ந்தபோது, பிரிட்டனிலேயே அப்பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. ஒவ்வொரு பதக்கம் உருகியபோதும் ஒரு பெயர் உருகிற்று.

இங்கே நம்மவர் மனங்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பெயர் மட்டும் போதாது. ஓர் ஊரில் அப்துல் காதிர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். படையில் ஒரே பெயருடையோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். போதாதற்கு, ஆங்கில எழுத்தர்கள் அப்பெயர்களைத் தம் செவிக்கு எட்டியபடியெல்லாம் எழுதி வைத்தனர். எண்ணும் படைப்பிரிவும் உடன் இருந்தாலன்றி, இன்னார்தாம் என்று துணிவதற்கில்லை. மனிதனின் பெயரைப் பறித்துக்கொண்டு கொடுத்த அந்த எண்ணே, பிற்காலத்தில் அவனைக் கண்டறியும் திறவுகோலாகிறது.

எழுதி வைத்தது வீண்போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. முதல் உலகப் போருக்குப் பஞ்சாபிலிருந்து சென்ற ஏறத்தாழ 3,20,000 பேரைப் பற்றிய, ஊர்வாரியான பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் எவரும் புரட்டாமல் கிடந்தன. 2021இல் அவற்றின் ஒரு பகுதி மக்கள் பார்வைக்கு வந்தது. தங்கள் பாட்டனார் போருக்குப் போனார் என்று மட்டும் கேள்வியுற்றிருந்த குடும்பங்கள், அவர் பெயரையும் ஊரையும் படைப்பிரிவையும் அந்தப் பக்கங்களில் தேடலாயின.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 இலட்சமாகப் பெருகியது. அதில் சென்னை மாகாணத்தவரும் கணிசமாகச் சேர்ந்தனர். ஆகவே, நம் இல்லங்களில் எங்கேனும் ஒரு மரப்பெட்டியில், பாட்டனாரின் காக்கிச் சட்டை ஒன்று மடித்துக் கிடப்பது நடவாத செயலன்று. அத்தகைய பெட்டியை வைத்திருப்போர்க்கு இக்கட்டுரையின் வேண்டுகோள் மிகச் சிறியது. சட்டையைத் துவைத்துவிடாதீர்கள், உட்புறத்து முத்திரை அழிந்துபோம். பதக்கத்தை எடை போடாதீர்கள். விளிம்பைத் திருப்பிப் படியுங்கள். சட்டையையும் பதக்கத்தையும் புத்தகத்தையும் பிள்ளைகளுக்குப் பங்கிடாமல் ஒருவரிடமே ஒப்படையுங்கள். அவர் பெயர், எண், படைப்பிரிவு, சென்ற நாடுகள், திரும்பிய ஆண்டு ஆகியவற்றுள் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். தெரியாததைக் கற்பனையால் நிரப்ப வேண்டா. வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால், அவரை இன்றே கேளுங்கள். சட்டை இன்னும் ஐம்பது ஆண்டு இருக்கும். அதனை அணிந்தவரைக் கண்ணால் கண்டவர் அதுவரை இருக்கமாட்டார்.